குமுதா வீட்டுப் படி

அன்று மதியம் அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரி குமுதா. கூடத்தில் பாயில் படுத்திருந்த அவள் மகள் லோஷினி, எட்டு வயது. பக்கத்து வீட்டுச் சின்னையா, ஒரு காலத்தில் இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது ஆடு வளர்ப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாணவி தர்மினி. அவளுடைய பெரியப்பா சிவானந்தன். அவர் வீட்டுக்குள் இல்லை, வேலிக்கு வெளியே காரோடு நின்றார். குமுதாவின் கணவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். இவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. கண்ணால் கண்டதாக இன்றைக்குச் சொல்லித் திரிகிறவர்கள் எல்லாரும் கார் போன பிறகு கதவைத் திறந்து பார்த்தவர்கள்.

தர்மினி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள். ஒரு தொண்டு அமைப்பின் மூலம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் பாடம் சொல்லிக்கொடுக்க மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வந்தாள். சித்தியவானிலிருந்து உள்ளே போகும் கிளென்மோர் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் பெயருக்குக்கூட இல்லை. எங்கே பார்த்தாலும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தில் ஒரு வரிசை வீடுகள் மட்டும் மிச்சம். பால் வெட்டப் போன தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகைதான் அவளுடைய வகுப்பறை. பள்ளி விட்ட பிள்ளைகள் சீருடையோடு வந்து உட்காருவார்கள். வாய்ப்பாடு, ஆங்கில வாசிப்பு, மழை தகரத்தில் அடித்துப் பேச்சே கேட்காமல் போனால் படம் வரைதல். அவள் ஊர் வழக்கப்படி ஆமாம் என்பதற்கு “ஓம்” என்று சொல்லும்போதெல்லாம் லோஷினி கண்ணை மூடிக் கைகூப்பி சாமி கும்பிட்டுக் காட்டுவாள். வகுப்பே உருண்டு புரண்டு சிரிக்கும்.

வார நாட்களில் அவள் சித்தியவானில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கினாள். சனிக்கிழமை மதியம் சிவானந்தன் வந்து ஈப்போவில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்துப் போவார். ஞாயிறு கல்லுமலைக் கோவில், ஒரு தடவை லூமுட் போய்ப் பங்கோர் தீவுக்குப் படகு. அம்மாவுக்குப் படங்கள் அனுப்பினால் அம்மா உடனே கூப்பிடுவாள்: “ஏன் பிள்ளை இப்பிடிக் கறுத்துப் போனாய்?”

சிவானந்தன் குடும்பம் பேராக்கில் பெயர் சொன்னால் தெரிகிற குடும்பம். அவருடைய தகப்பனார் இதே கிளென்மோர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தவர். துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. கூலி போடுவதும் வெட்டுவதும் அவர் கையில். மகன் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்து, ஒரு கறையும் படாமல் ஓய்வு பெற்றார். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒழுங்கு உண்டு. தர்மினி வந்து இறங்கிய முதல் நாளே சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சொல்லிவிட்டார்.

“படிப்பிக்கப் போறாய், வடிவாய்ப் படிப்பி. பிள்ளையளோட அன்பாய் இரு. ஆனா அங்கை கை நனைக்கக் கூடாது. தண்ணியும் வேண்டாம். எங்கட ஆக்கள் ஒருநாளும் லயத்து வீடுகளில கை நனைச்சதில்லை.”

அவர் மனைவி விமலாதேவி மறுநாள் காலை புதுத் தெர்மோஸ் ஒன்றில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தர்மினிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் மீறவில்லை. ஒருவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவர் சொல்லைத் தட்டுவது அவள் வளர்ந்த முறை அல்ல.

குமுதா அடிக்கடி லோஷினியிடம் ரோஸ் சிரப் கொடுத்தனுப்புவாள். தர்மினி ஒவ்வொரு தடவையும், “இப்பத்தானம்மா குடிச்சனான்” என்பாள். லயத்தில் அவளுக்குத் தெர்மோஸ் டீச்சர் என்று பெயர் விழுந்தது. அவள் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரம் லோஷினிக்குக் காய்ச்சல். கிளினிக்கில் மருந்து கொடுத்து, விடாவிட்டால் திரும்ப வரச் சொன்னார்கள். சனிக்கிழமை பிள்ளை வகுப்புக்கு வராததால் தர்மினி வீட்டுக்குப் போனாள். குமுதா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“டெமாம் விட்டுருச்சு டீச்சர்! காலையிலருந்து மேலு சில்லுனு இருக்கு. திங்கக்கெழம வகுப்புக்கு வந்து உங்கள ஒரு வழி பண்ணப் போறா பாருங்க.”

தர்மினி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். ஈரத் துணியைப் பிடித்தது போல இருந்தது. பாதமும் அப்படியே. உதடு வெளுத்திருந்தது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

“சத்தி எடுத்தவளோ, அக்கா?”

“கஞ்சி குடுத்தேன், அப்படியே கக்கிட்டா. வயிறு காலியால்ல இருக்கு, அதான்.”

தர்மினிக்கு இது தெரிந்த குளிர். அவள் தம்பி அருணனுக்கும் இப்படித்தான் நடந்தது. டெங்குக் காய்ச்சல் விட்டது என்று வீடே சந்தோஷப்பட்ட அன்று பின்னேரம் அவனுக்குக் கை கால் குளிர்ந்தது. ஆஸ்பத்திரியில் நாடி கிடைக்காமல் தேடினார்கள். அவன் பிழைத்தான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிள்ளை பிழைக்கவில்லை.

“அக்கா, காய்ச்சல் விட்ட பிறகுதான் இதில ஆபத்து. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்.”

“என்னா டீச்சர் பேசுறீங்க? சூடு இருந்தப்ப பயந்தேன், நியாயம். விட்டதுக்கு அப்புறம் யாராச்சும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா?”

சத்தம் கேட்டு சின்னையா வந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவசர வண்டிக்குப் போன் போட்டார். வண்டி வேறு விபத்துக்குப் போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். அந்த நேரத்தில்தான் சிவானந்தனின் கார் வேலியோரம் வந்து நின்றது.

தர்மினி வெளியே ஓடினாள். “பெரியப்பா, பிள்ளைக்குக் கடும் வருத்தம். எங்கட காரில கொண்டு போவம்.”

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “கெதியாக் கூட்டி வா” என்றார். பின் கதவைத் திறந்தார். சத்தி எடுக்கிறாள் என்று தர்மினி சொன்னதும், டிக்கியிலிருந்து துண்டு ஒன்றை எடுத்து இருக்கையில் விரித்தார். வாந்தி எடுக்கும் பிள்ளை ஏறும் காரில் துண்டு விரிப்பது யாரும் செய்கிற காரியம்.

உள்ளே சின்னையா குமுதாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். “போயிட்டு வந்துரும்மா. ஒன்னுமில்லனா அப்படியே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி நெனைச்சுக்க லா.” குமுதா அரை மனதோடு கைப்பையை எடுத்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கக் குனிந்தவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அப்படியே நிமிர்ந்தாள்.

“துணி விரிக்கிறாரு.”

“அது சத்தி எடுக்கிறதுக்கு, அக்கா…”

“எனக்குத் தெரியும் எதுக்குன்னு. எங்க தாத்தா அவங்க அப்பா பங்களா வாசல்ல வெயில்ல நின்னு சம்பளம் வாங்குன ஆளு. படிமேல கால் வச்சதில்ல. நீ வந்து இத்தன மாசம் என் வீட்டு தண்ணிய தொட்டியா? என் மவ கிளாஸ தூக்கிட்டு வந்து நின்னா, இப்பதான் குடிச்சேன்னு சொல்லுவ. அவ வந்து என்கிட்ட கேட்டா, அம்மா, நம்ம வீட்டு தண்ணி அழுக்கான்னு.”

தர்மினி சமையலறைக்கு ஓடி, குழாயைத் திறந்து, கையில் கிடைத்த கோப்பையில் பிடித்துக் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. இன்னொரு கோப்பையும் பிடித்துக் குடித்தாள்.

“இப்ப குடிச்சு என்னா?” என்றாள் குமுதா. “நீ சின்னப் பொண்ணு, சொன்னத செஞ்ச. அவர உள்ள வரச் சொல்லு. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, வாம்மான்னு அவரே என் புள்ளைய கூப்பிடட்டும். வாரேன். இல்லாட்டி என் புள்ளைக்கு டெமாம் விட்டுருச்சு, நாங்க வீட்லயே இருந்துக்கிறோம்.”

“ஏ குமுதா, இது அதுக்கு நேரமா? கிறுக்கு புடிச்சிருச்சா?” என்று சின்னையா கத்தினார்.

தர்மினி மறுபடி வேலிக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொன்னாள். சிவானந்தன் கேட்டுக்கொண்டார். அவர் கை திறந்த கதவின் மேல் இருந்தது.

“கார் நிக்குது. கதவு திறந்து கிடக்குது. பிள்ளையைக் கொண்டு வரட்டும். நான் எப்ப வேண்டாம் எண்டனான்?”

“ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ பெரியப்பா. ஒரு வாய் தண்ணி. அவ்வளவுதான்.”

“உதவி செய்ய வந்தவனுக்கு நிபந்தனையோ? ஐயாவின்ர காலத்தில இருந்து இந்தத் தோட்டத்தில ஒருத்தரும் எங்களை இதைச் செய், அதைச் செய் எண்டு சொன்னதில்லை.”

“நான் உங்கட காலில விழுறன்.”

அவள் உண்மையாகவே விழுந்தாள். செம்மண் அவள் நெற்றியில் ஒட்டியது. அவர் இரண்டு அடி பின்னால் போனார். “எழும்பு பிள்ளை. ஆக்கள் பாக்கப் போகினம்” என்றார். வீட்டைப் பார்த்தார். மூன்று படி, ஓரம் உடைந்த சிமெண்டு. ஏறுவதற்கு ஒரு நொடி போதும். அவர் ஏறவில்லை.

தர்மினி வீட்டுக்கும் காருக்கும் எத்தனை தடவை ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தடவை குமுதாவைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். குமுதா குறுக்கே நின்றாள். “தொடாத!” சின்னையா திரும்பவும் அவசர வண்டிக்குப் போன் போட்டார். பிறகு கிடாய் மீசையை உருவிக்கொண்டு வாசலில் நின்று சிவானந்தனைப் பார்த்து, “ஐயா, கொஞ்சம் வந்துட்டுப் போங்கையா, கொழந்த முகத்துக்காக” என்றார். சிவானந்தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா,” என்றாள் லோஷினி. “தூக்கம் வருது. லைட்ட போடேன், இருட்டா இருக்கு.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

குமுதா திரும்பினாள். பிள்ளையின் கண் பாதி மூடி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. குமுதா போட்ட சத்தத்தில் ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தன. அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தர்மினி பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். குமுதா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். துண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

செம்பனைக் காட்டுக்குள் கார் குதித்துக் குதித்துப் போனது. சிவானந்தன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சிவப்பு விளக்குகளில் நிற்கவில்லை. வாழ்நாளில் ஒரு சாலை விதியையும் மீறாதவர். தர்மினியின் மடியில் பிள்ளை ஒரு தடவை சத்தி எடுத்தாள். அதில் காப்பிக் கசடு போல ஏதோ இருந்தது. குமுதா முன் இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு ஓயாமல், “ஐயா, வேகமா போங்கையா, வேகமா போங்கையா” என்றாள். அவர், “போறன் அம்மா, போறன்” என்றார். அவர் அவளிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஓடி வாங்கினார்கள். இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, எப்போதிருந்து கை கால் குளிர்ந்தது என்று கேட்டாள்.  தர்மினிதான் சொன்னாள். டாக்டர் உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோஷினி இறந்துபோனாள்.

காரியம் முடிந்த வாரமே தர்மினி ஊருக்குத் திரும்பினாள். விமானத்துக்குப் புறப்படும்வரை சிவானந்தனோடு அவள் பேசவில்லை. அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஆயாக்கொட்டகை பூட்டிக் கிடக்கிறது.

தோட்டத்துப் பிள்ளையைத் தம் காரில் ஏற்ற சிவானந்தன் மறுத்தார் என்று சித்தியவானிலிருந்து பாகான் டத்தோ வரை ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. கார்க் கதவை அவர் கேட்டவுடனே திறந்துவிட்டார். அவர் மறுத்தது வீட்டுக்குள் போகத்தான்.