பொருத்தமற்ற சீட்டுகள்

பினாங்குத் தமிழ்ச் சமுதாயத்தின் வருங்காலம் அன்று காலை ஒன்பது மணிக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி மண்டபத்தில் காப்பாற்றப்படவிருந்தது. பத்தே முக்கால் ஆகியும் பொன்னாடை போர்த்தி முடியவில்லை.

இளவயதுக் கர்ப்பத்தைத் தடுக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் அது. ‘கர்ப்பம்’ என்ற சொல் உறுத்தியதால் பேனரில் ‘மலரும் மொட்டுகள்’ என்று போட்டிருந்தார்கள். கிளினிக்கிலிருந்து பேச வந்த தாதி நூருல் ஹுதாவுக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம். மிஞ்சியது பன்னிரண்டு நிமிடம்.

நாலாவது வரிசையில் இருந்த யமுனாவுக்குப் பதினாறு வயது. அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. அம்மாவிடம் கேட்டாள், டிவி சத்தம் கூடியது. ஆசிரியை அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முதல் தடவையில் கர்ப்பமாகாது என்று தோழி ஒருத்தி அடித்துச் சொல்கிறாள். அதை நம்பி அவள் மாட்டிக்கொள்வாளோ என்று யமுனாவுக்குப் பயம். அது உண்மையா என்று பெயர் போடாமல் எழுதிக் கேள்விப் பெட்டியில் போட்டிருந்தாள்.

பெட்டி நேரே தாதியிடம் போகவில்லை. கூட்டத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளரும் அதன் தலைவர் மெய்யநாதனின் மனைவியுமான விசாலம், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தார். முப்பத்திரண்டில் பொருத்தமானவை இரண்டு. அதில் ஒன்று, சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது.

“இவ்வளவுதானாக்கா?” என்றார் தாதி.

“மத்ததெல்லாம் ஒரு மாதிரியா இருக்குலா.”

“அந்த ஒரு மாதிரிக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?”

மெய்யநாதன் தாதியின் பக்கம் திரும்பி மைக்கைப் பிடித்தார். “மிஸி, எங்க காலத்துல இந்தப் பாடமெல்லாம் கிடையாது. ஒண்ணும் தெரியாமலே ஒழுக்கமா வாழ்ந்தோம். என்ன கெட்டுப்போச்சு?”

கைதட்டல். யமுனா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விசாலம் கைதட்டவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தாதியிடம் நீட்டினார். “இதப் படிங்க மிஸி.”

“விசாலம்!”

“படிக்கட்டும்லா. பதினெட்டு வயசுல எனக்கு யாரு சொன்னா?”

மண்டபமே கழுத்தை நீட்டியது.

“முதல் தடவையிலேயே ஆகுமான்னு கேட்டிருக்காங்க,” என்றார் தாதி. “ஆகும். ஆகாதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.”

யமுனா அதை அப்படியே கைபேசியில் தட்டித் தோழிக்கு அனுப்பினாள். விசாலம் அடுத்த சீட்டை நீட்டினார். தலைவர் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர்களுடைய மூத்த மகன் சோமு, கல்யாணமான ஏழாவது மாதம் பிறந்தவன். எடை மூன்றரைக் கிலோ.