தங்கைக்கு எழுதிக் கொடுத்த முப்பத்தொன்பது கருவிகள்

1

இந்தக் கதை ஓர் அயோக்கியத்தனத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைக்க வேண்டாம்.

என் தங்கை நர்ஸ். கணவனைப் பிரிந்து மூன்று வருடமாக என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் அவளுக்குத் தூரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். சொந்தக் காரில்தான் போக வேண்டும், வழியில் வண்டி மக்கர் பண்ணினால் அவளேதான் சமாளிக்க வேண்டும். வருகிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் போனில் சொல்லியாக வேண்டும்.

"அண்ணா, சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் நானே பாத்துக்க என்னென்ன டூல்ஸ் வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடேன்" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். முப்பத்தொன்பது கருவிகள். அதில் பாதியை நானே கண்ணால் கண்டதில்லை. பார்த்ததும் மலைத்துப்போய் அந்த வேலையே வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. அது எனக்குப் பயமாக இருக்கிறது. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். போகட்டும், இருந்துவிட்டுப் போகிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மனிதனின் கை எட்டாத இடத்தில்தான் கருவி பிற..." வேண்டாம். பெரிய ஞானி மாதிரி இருக்கிறது.

அடுத்தது: "தங்கைமேல் உயிரையே வைத்திருந்த ஓர் அண்ணன்..." எழுதும்போதே கை கூசியது.

3

அந்தப் பட்டியலோடு அவள் கடைக்குப் போனபோது நான் கூட இல்லை. தங்கை சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஸ்பேனர் கடைக்கார அம்மா என் பட்டியலைத் தலை முதல் கால் வரை படித்தாராம்.

"யாரும்மா எழுதினது?"

"எங்க அண்ணன்."

"மெக்கானிக்கா?"

"இல்லீங்க, கதை எழுதுவாரு."

"அதான பாத்தேன்."*

பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். "இது எதுக்கு? இதெல்லாம் கராஜ்ல இருக்க வேண்டியது. உங்க வண்டியில என்னென்ன சைஸ் நட்டு இருக்குன்னு பாத்தீங்களா? பாக்காம பெரிய செட்டா வாங்கினா பாதி துருப்புடிச்சுத்தான் போகும்."

தங்கை வெளியே போய், பானெட்டைத் திறந்து அளவு பார்த்துவிட்டு வந்தாள். நாலு ரிங் ஸ்பேனர், சின்னதாக ஒரு சாக்கெட் செட், இரண்டு ஸ்குரூடிரைவர், கட்டிங் பிளேயர், டயரில் காற்று பார்க்கும் மீட்டர், தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச். எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியிலேயே இருந்தன.

"ஒவ்வொண்ணா கையில புடிச்சுப் பாத்து எடுங்க" என்றாராம் அந்த அம்மா. "உங்க கைக்குத்தான் வாங்குறீங்க, உங்க அண்ணன் கைக்கு இல்ல."

*இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். வந்தது.

4

இப்போது மணி மூன்றரை. வாசலில் அவள் டயர் மாற்றிப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஜாக்கி வைத்துத் தூக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். அதுவரை தெரிந்து வைத்திருக்கிறாள். மூன்று சக்கரங்களில் தளர்த்திப் பார்த்து மறுபடி முடுக்கிவிட்டாள். நாலாவதில் ஒரு நட்டு கூட அசையவில்லை.

"என் கையில அவ்ளோ பலமில்ல போலண்ணா" என்றாள். "நடுரோட்ல இப்படி ஆச்சுன்னா என்ன பண்றது? வரலன்னு சொல்லிடட்டுமா?"

"இரு, டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே வந்தவன், டீ போடாமல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அந்தச் சக்கரத்தை மாட்டியவன் நான். என் தொண்ணூற்றிரண்டு கிலோவோடு ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்கினேன்.

5

முடிவு (அ): நட்டு அசையவில்லை. வரவில்லை என்று போனில் சொல்லிவிடுகிறாள். பழையபடி இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். இதை மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

முடிவு (ஆ): பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை அழுத்துகிறாள், நட்டு... பொய். தன்னம்பிக்கைக்கெல்லாம் அந்த நட்டு மசியாது.

முடிவு (இ): நான் போய்க் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இதுக்குத்தான் ஒரு அண்ணன் வேணும்ங்கறது" என்று சிரிக்கிறேன். இந்த அண்ணனை ஓங்கி ஓர் அறை விடலாம்.

6

எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போனேன்.

"உன் கைக்கு ஒரு குறைச்சலும் இல்ல" என்றேன். "நான்தான் ஏறி நின்னு முடுக்கினேன். ஸ்பேனர் பிடியில ரெண்டடி இரும்பு பைப் ஒண்ணு மாட்டி அழுத்தினா நீயே கழட்டிடுவ. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் லிஸ்ட்ல எழுதாம விட்டேன்."

"ஏண்ணா?"

"நீ போயிடுவியோன்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. கோபமா வருத்தமா தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத இனி எனக்கு உரிமையும் இல்லை.

"அப்போ டீயும் போடல" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு, பைப் வாங்கிவர அதே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போது மணி நாலு பத்து.

7

நட்டு கழன்றதா, ஐந்து மணிக்குள் போன் செய்தாளா, என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். அவள் வாழ்க்கையை நான் ஒருமுறை எழுதப் பார்த்ததே போதும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவள் இங்கேயே தங்கிவிட்டதாக எழுதுவதென்றால், என்மேல் இரக்கப்பட்டு அப்படி எழுதாதீர்கள்.