பால் வெள்ளை

வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகுதான் அவள் டீச்சர் ஆனாள். ஒன்பது வருடம் பிழை திருத்திய கண், வேலை மாறியும் பழக்கத்தை விடவில்லை. எழுதும்போது தடுமாறுகிற பதினோரு பிள்ளைகளைப் புதிதாக வந்தவள் தலையில் கட்டிவிட்டார்கள். தினமும் பதினோரு நோட்டு வீட்டுக்கு வரும். அடுப்பில் ஒரு கண், நோட்டில் ஒரு கண்ணாகச் சிவப்பு மையில் திருத்துவாள். ஒரு பிழை தப்பாது.

"இது நோட்டா, வெட்டுக்காயமா?" என்றான் கணவன், எட்டிப் பார்த்துவிட்டு. சிரிக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

பதினோரு பேரில் ஒருத்திக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். முதல் வாரம், தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த பூனையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தாள். முப்பத்தொரு பிழை. டீச்சர் ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டு, எண்ணிக்கையை மேலே எழுதி அடிக்கோடும் போட்டாள். அடுத்த வாரம் அரைப் பக்கம் வந்தது. அப்புறம் நான்கு வரி. இந்த வாரம், "பால் வெள்ளை. அம்மா வந்தாள். மரம் பெரிது." பிழை ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை நோட்டுகளைப் பார்ப்பார். தேறாதவர்கள் ஒரு வகுப்பு கீழே போக வேண்டும். அங்கேதான் ரேடியோவின் தங்கை படிக்கிறாள். இந்த நோட்டைக் காட்டினால் ரேடியோ தப்பித்துவிடுவாள். டீச்சரும் நிம்மதியாக நோட்டை மூடினாள்.

அன்று மாலை வராந்தாவில் ரேடியோ, பெருக்குகிற ஆயாவை வழிமறித்து, பூனை போட்ட மூன்று குட்டிகளின் கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டாள்.

"இதையெல்லாம் ஏன்டி எழுதல?"

"எழுதினா சிவப்பாயிடுது டீச்சர். பால் வெள்ளைன்னு எழுதினா ஆகமாட்டேங்குது."

டீச்சர் ரேடியோவின் நோட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பழைய பூனைப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அச்சகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பிழையாக வந்தால் யாரும் பதற மாட்டார்கள். அச்செழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எந்த எழுத்து மாறிக் கிடக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அப்படிப் பிரித்துப் பார்த்தாள். முப்பத்தொரு பிழையும் நான்கே வகை. அதில் பத்தொன்பது, குறில் நெடில் தடுமாற்றம்.

"பெரிய டீச்சர் பாக்கறதுக்கு அந்தக் குட்டிங்க கதைய எழுதித் தர்றியா?"

"தப்பா இருந்தா கீழ அனுப்பிடுவாங்களே. என் தங்கச்சி வீட்டுலயே என்னை மேய்க்கிறா. கிளாஸ்லயும் மேய்க்கணுமா?"

"நான் போய்ப் பேசுறேன். கேப்பாங்களான்னு தெரியாது."

ரேடியோ அந்தப் பழைய பக்கத்தின் சிவப்பு வட்டங்களைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். இருபத்தெட்டுப் பிழை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை பால் வெள்ளைப் பக்கத்தையும் குட்டிகள் கதையையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வெள்ளைப் பாலையே காட்டியிருக்கலாமேம்மா. நானும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"காட்டியிருக்கலாம் மேடம்." டீச்சர் நான்கு வகைகளையும் குறித்திருந்த துண்டுத்தாளை நீட்டினாள். "ஒரு வகைக்கு மூணு வாரம் ஆகும்."

"பன்னெண்டு வாரம். பரீட்சைக்குப் பத்துதான் இருக்கு. பத்துல முடிச்சிடுவீங்களா?"

"முடிச்சிடுவேன்னு சொல்லமாட்டேன்."

"சொல்லியிருந்தா டைம் தந்திருக்கமாட்டேன். பரீட்சை வரைக்கும் அவ இங்கேயே இருக்கட்டும். தேறலன்னா அவங்க அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

திங்கட்கிழமை நோட்டு ரேடியோவின் கைக்குத் திரும்பியது. அவள் வட்டங்களை விரல்விட்டு எண்ணினாள். சிவப்பு இல்லை, பென்சில்தான்.

"பதினேழுதானா? மத்ததெல்லாம் சரியா டீச்சர்?"

"இல்ல. இப்போ குறில் நெடில் மட்டும். மத்ததெல்லாம் அப்புறம்."

ரேடியோ பென்சிலை எடுத்தாள். "ஒரு குட்டிக்குக் கண்ணு இன்னும் தெறக்கல. அதை எழுதவே இல்ல," என்று சொல்லிவிட்டுப் புதுப்பக்கம் திருப்பினாள்.

டீச்சருக்குக் கால் கடுத்தது. மற்ற பத்து நோட்டுகளும் இன்னும் பிரிக்காமல் பையிலேயே கிடந்தன.