கருப்பு அம்பாசடரின் பெட்டி

லேபிள் போலி என்றால் சரக்கும் போலி. திருத்தங்கலில் அச்சகம் வைத்திருப்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கம்பெனிப் பட்டாசு நன்றாகப் போகிறது என்றால் போதும், அடுத்த சீசனுக்குள் அதே படம், அதே எழுத்தோடு இன்னொரு பெட்டி சந்தைக்கு வந்துவிடும். உள்ளே இருப்பது புஸ்ஸென்று போகும். அதனால் சங்கரபாண்டியன் எதை வாங்கினாலும், பற்பசையாகட்டும் தலைவலி மாத்திரையாகட்டும், சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து முதலில் அட்டையைத்தான் பார்ப்பார். “நல்லவேளை, என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்ப லென்ஸைக் கொண்டு வரலை” என்று சிரிப்பாள் அவர் மனைவி பொன்னுத்தங்கம்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. நிஜக் காரை அப்படியே சுருக்கி உலோகத்தில் வார்த்த மாடல் கார்கள். கதவு திறக்கும், பானெட் திறக்கும், டயரில் கோடுகூட இருக்கும். மாடி அறையில் கண்ணாடி அலமாரி செய்து, பெட்டியோடு அடுக்கி வைத்திருந்தார். ஊர் சும்மா இருக்குமா? “அண்ணாச்சி, அம்பது வயசுல சொப்பு வச்சு விளையாடுதாகளாமே!” என்று மார்க்கெட்டே சிரித்தது.

சிரிக்காத ஒரே ஆள் செல்லச்சாமி. பட்டாசுக் கம்பெனியில் லாரி லோடு ஏற்றி அனுப்புகிறவன். அவனுக்கும் அதே கிறுக்கு. வீட்டில் டி.வி.க்கு மேலே ஒரு வரிசை கார் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். இருவரும் மாடி அறையில் உட்கார்ந்து, ஒரு கார்க் கதவின் கீலைப் பற்றி மத்தியானம் வரை பேசுவார்கள். பெற்ற பிள்ளைகளோடுகூட சங்கரபாண்டியன் அம்புட்டு நேரம் பேசியதில்லை. அவன் ஒருத்தன் இல்லையென்றால் அந்த அலமாரி வெறும் பொம்மைக்கடைதான். அது அவருக்கே தெரியும்.

அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது கருப்பு அம்பாசடர். பக்கவாட்டில் ஓட வேண்டிய வெள்ளிக்கோடு, தயாரித்த இடத்தில் நடந்த தவறால், ஒரு பக்கம் விட்டுப்போன லாட். அச்சகத்தில் கலர் கொஞ்சம் விலகினால் வேஸ்ட் என்று தூக்கிப் போடுவார்கள். கார் சேர்க்கிறவர்களிடம் தப்புக்குத்தான் மவுசு. மதுரைக்கு லோடோடு போன செல்லச்சாமிதான் ஒரு பழைய ஃபேன்ஸி கடையின் மூலையில் அதைக் கண்டுபிடித்தான். “இது உங்ககிட்ட இருந்தாத்தான் அண்ணாச்சி அழகு” என்று கொண்டுவந்து கொடுத்தான்.

அந்த வருஷம் ஆயுத பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. செல்லச்சாமி வந்தான். எப்போதும் நேராக அம்பாசடரிடம் போய் நிற்பவன், அன்றைக்கு அந்தத் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழ்த்தட்டு ஜீப்பைப் பற்றி ஏதோ பேசினான். சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

இவன் ஏன் அதைப் பார்க்கவில்லை? சங்கரபாண்டியன் பெட்டியைக் கையில் எடுத்தார். அட்டை லேசாக வழுவழுத்தது. லென்ஸை வைத்தார். திக்கென்றது. பழைய பெட்டியின் சிவப்பு தனிக் கலரில் அடித்தது. லென்ஸில் சாந்து பூசினாற்போல ஒரே சீராகத் தெரியும். இதில் சிவப்பு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஒரிஜினலை ஸ்கேன் செய்து, நாலு கலரில் பிரித்து, மறுபடி அடித்திருக்கிறார்கள். சிவகாசி வேலை!

பெட்டி போலி. அப்படியென்றால் காரும் போலி. அச்சுக்காரர் புத்தி அதற்குமேல் ஓரடி நகரவில்லை. காரை வெளியே எடுத்தும் பார்த்தார். ஒரு பக்கம் கோடு இல்லைதான். ‘கோட்டைச் சுரண்டி எடுக்க எம்புட்டு நேரம் ஆகும்?’ என்றது மனசு. கருப்பு கூடக் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த அறைக்குள் அவரையும் அவனையும் விட்டால் யார் வருவார்கள்? பொன்னுத்தங்கம் கூட்டுவதற்கு வருவாள், கார்களை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். போன மாதம் அச்சகத்தில் மிஷின் நின்றுவிட்டதென்று ஆள் வந்து கூப்பிட, செல்லச்சாமியை அறையில் தனியே விட்டுவிட்டு ஓடியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவன் கையில் ஒரு துணிப்பை இருந்ததே! கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் அம்பாசடருக்கு அலைகிறார் என்று அவனே சொன்னானே! இப்போது கையில் புதுச் செல்போன் வேறு. கொடுத்தவனே எடுத்துக்கொண்டான், இதில் வெளியாள் எதற்கு?

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்கும். நேரில் கேட்டால் இல்லையென்பான். கேட்கவும் நா எழவில்லை. அவன் களவாணியாக இருந்துவிட்டால், தான் யாரோடு பேசுவது? அந்தப் பயம் ஒரு பக்கம் பிடுங்கியது. ‘நம்மைக் கேணையன்னு நினைச்சிட்டானே’ என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். கடைசியில் ஆத்திரம்தான் ஜெயித்தது. செல்லச்சாமிக்குப் போன் போட்டார்.

“வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியாத்தா கோவிலுக்குப் போறோம்யா. நீயும் வா.”

“ஆத்தா கூப்பிட்டா வராம இருப்பனா அண்ணாச்சி?” என்றான் அவன்.

காரில் செல்லச்சாமி முன்சீட்டில் உட்கார்ந்து, எதிரே வந்த வண்டிகளின் விளக்கையும் பம்பரையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பின்சீட்டில் பொன்னுத்தங்கம் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கரபாண்டியன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். ‘நடிப்பைப் பாரு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சாமி கும்பிட்டு முடித்ததும், கூட்டம் விலகிய ஓரத்தில், அம்மன் சந்நிதியைப் பார்த்து ஒரு வெற்றிலையை விரித்தார். அதில் சூடத்தை வைத்தார். தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தினார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“அம்பாசடர் பெட்டியை மாத்தியிருக்கு. புது அச்சு. உள்ள இருக்க காரும் வேற. இதை நான் செய்யலைன்னு ஆத்தா மேல ஆணையாச் சொல்லி இந்தச் சூடத்தை அணை.”

செல்லச்சாமியின் முகம் செத்துவிட்டது. கை சூடத்தின் பக்கம் போகவில்லை. ‘பார்த்தியா, அணைக்க மாட்டான்’ என்று சங்கரபாண்டியனுக்குள் ஒன்று துள்ளியது.

“ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்டீக?” பொன்னுத்தங்கம் பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “பெட்டியை மாத்துனது நாந்தேன்! அவரை விடுங்க!”

சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தார்.

“ஆயுத பூசைக்கு நீங்க பிரஸ்ஸுல இருந்தீக. வீட்டு வண்டிக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னீகல்ல? கார், பைக், எல்லாத்துக்கும் வச்சேன். மாடியில அம்புட்டு வண்டியும் பூசையில்லாமக் கெடக்கேன்னு மனசு கேக்கலை. வண்டின்னா வண்டிதானே? அதுகளையும் எறக்கி வச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன். சக்கரத்துக்குக் கீள எலுமிச்சங்காய் நசுக்கத்தான் முடியலை. வெளக்கு சரிஞ்சு எண்ணெய் அந்தப் பெட்டி மேல ஊத்திருச்சு. காருக்கு ஒண்ணுமில்லை, பொட்டையெல்லாம் தொடச்சிட்டேன். நீங்க கத்துவீகன்னு பயந்து, பிரஸ் வச்சிருக்க எங்க அண்ணன் அய்யாதுரைகிட்டக் குடுத்தேன். மறுநா சாயங்காலத்துக்குள்ள அதே மாதிரி அடிச்சு, ஒட்டிக் குடுத்துட்டாக. ஒத்தப் பெட்டி அடிக்க முடியாதுன்னு ஒரு கட்டு அடிச்சிட்டாக. மிச்சம் அவுக குடோன்ல கெடக்கு.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டியனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கூசியது. “செல்லச்சாமி, தப்பு நடந்து போச்சுய்யா. அதை விடு, தானா எரிஞ்சு அணையட்டும்” என்று அவன் தோளைத் தொட்டார்.

அவன் தோளை விலக்கிக்கொண்டான். “பெட்டி புதுசுன்னு எனக்கும் அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. பார்த்ததும் தெரிஞ்சிருச்சு. ஏதோ பணமுடையில காரைக் குடுத்துட்டு, வெளிய சொல்ல முடியாமப் போலியை வச்சிருக்கீகன்னு நெனைச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கடம். அதான் அந்தப் பக்கமே பார்க்காமப் பேசிட்டு வந்தேன்.” அவன் எரியும் சூடத்தைப் பார்த்தான். “நானுந்தேன் சந்தேகப்பட்டேன். நான் உங்களைக் கோவிலுக்குக் கூட்டிட்டு வரலையே.”

“அய்யா, அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே.”

“கொளுத்துன சூடத்தைச் சும்மா விடப்படாது.” செல்லச்சாமி குனிந்து உள்ளங்கையைத் தீயின் மேல் அடித்தான். “பெட்டியை நான் தொடலை. ஆத்தா சாட்சி.”

பிறகு வெற்றிலையோரம் கிடந்த இன்னொரு சூடத்தை அவனே எடுத்து வைத்தான். தீப்பெட்டியை எடுத்தான். என்ன செய்யப்போகிறான் என்று சங்கரபாண்டியனுக்குப் புரிந்தபோது குச்சி பற்றிவிட்டது. கையைப் பிடிக்கப் பாய்ந்தார். அதற்குள் கை தீயில் விழுந்துவிட்டது.

“இனி இவுக வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். ஆத்தா சாட்சி.”

பொன்னுத்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்லச்சாமி கரிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தான். சங்கரபாண்டியன் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினார்.

“வாசப்படிக்குத்தானய்யா சத்தியம் பண்ணுன? கார்ல வா. உங்க தெருமுனையில எறக்கி விட்டுட்டுப் போறேன்.”

“காரும் உங்க வீடுதான் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அவன் சாத்தூர் பஸ்ஸில் ஏறினான்.

திரும்பி வரும்போது முன்சீட்டு காலியாக இருந்தது. பொன்னுத்தங்கம் மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள்.

“மறுபடி கூப்பிட்டுப் பாருங்களேன்.”

“எப்படிக் கூப்பிடுவேன்? கூப்பிட்டு அவன் வந்துட்டா சத்தியம் அவனைத்தான் பிடிக்கும். எம் புத்திக்கு அவன் பிள்ளை குட்டிகளா கஷ்டப்படணும்?”

“அப்ப நாம அவுக வீட்டுக்குப் போவோம். நம்ம போறதுக்கு ஒண்ணும் சத்தியம் இல்லையே.”

சங்கரபாண்டியன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார்.

“போகலாம்டி. போயி எந்த மூஞ்சியைக் காட்டுறது?”