கிளைவ் வாங்கிய மூன்று டன் ஜாக்கி

தெற்கு ஆஸ்திரேலியாவின் வையாலா நகரில், மல்லோ தெருவில் வசிக்கும் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பதினொரு வார ஆராய்ச்சி, நாற்பத்திரண்டு வீடியோக்கள், பல வண்ண அட்டவணை ஒன்று, இவற்றின் முடிவில் திருவாளர் கிளைவ் டாலோ அவர்கள் கார் தூக்கும் ஜாக்கி ஒன்று வாங்கிவிட்டார்.

அறிவித்தவனும் கிளைவ்தான். கொல்லைப்புறத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டே, இடுக்கியைச் செங்கோல் மாதிரி உயர்த்திப் பிடித்து அறிவித்தான். பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் கிளறிக்கொண்டிருந்த அவன் மனைவி டெனிஸ், கட்டிக்கொண்ட பாவத்துக்கு இதே செய்தியை அந்த வாரம் மட்டும் அறுபது தடவை கேட்டிருந்தாள்.

"மூணு டன் தூக்கும், மச்சான்!" என்றான் கிளைவ், எதிர்வீட்டு நொயலிடம். "பந்தயக் கார்க்காரங்க வச்சிருக்கிற ஜாதி. எவ்வளவு தாழ்வான காரா இருந்தாலும் அடியில பாம்பு மாதிரி போயிரும்."

"நம்மகிட்ட தாழ்வான கார் எங்க இருக்கு?" என்றாள் டெனிஸ்.

பதில் வாசலில் நின்றது. கடற்கரை மணலில் ஓட்டுவதற்காகக் கிளைவ் காசு கொடுத்து இரண்டு அங்குலம் உயர்த்திவைத்த, யானை உயர ஃபோர் வீல் டிரைவ் வண்டி. அதில் ஏற டெனிஸ் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவேண்டும்.

கடைக்கு அவளும் போயிருந்தாள். எவ்வளவு உயரம் தூக்கும், எங்கள் வண்டிக்கு எட்டுமா, தாங்கி நிற்க ஸ்டாண்டு எங்கே என்று மூன்றே கேள்வி கேட்டாள். விற்பனையாளன் மூன்றுக்கும் கிளைவின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான். கடைசியில், "சாருக்கு எல்லாம் தெரியும் மேடம்" என்று ஒரு சிரிப்பு. இருபது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பஸ் டிப்போவில் வெறும் ஜாக்கி மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் கை நீட்டினால் அன்றைக்கே சீட்டு கிழியும். தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு. இதைச் சொன்னபோது கிளைவ், "அது பஸ்ஸு, டெனிஸ்" என்றான். விழுகிற இரும்பு, நான் பஸ்ஸா காரா என்று யோசித்துவிட்டுத்தான் விழும்போல.

சனிக்கிழமை காலை ஆயில் மாற்றும் வைபவம். அந்தத் தெருவில் ஒருவன் பானெட்டைத் திறந்தால் போதும், மற்றவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். நொயலும் இன்னும் இரண்டு பேரும் பீர் சகிதம் அமர்ந்தார்கள். கிளைவ் ஜாக்கியை வண்டிக்கு அடியில் உருட்டிவிட்டு, கைப்பிடியை அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். ஜாக்கி தன்னால் முடிந்த மட்டும் எழும்பி நின்றது. வண்டிக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

"ஏன் மச்சான், கை குலுக்கக்கூட எட்டலியே!" என்றான் நொயல்.

"இது நான் எதிர்பார்த்ததுதான்" என்றான் கிளைவ். பதினொரு வார அட்டவணையில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. தோட்டத்து ஓரத்தில் கிடந்த பழைய ரயில் கட்டைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து ஜாக்கியின் தலையில் வைத்தான். மறுபடி அடித்தான். ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டது. சரிவான வாசல், கட்டை லேசாகச் சாய்ந்தே நின்றது. மூன்று நாற்காலிகளும் தலையாட்டின. கிளைவ் மல்லாந்து படுத்து உள்ளே நகர ஆரம்பித்தான்.

"நில்லு!" என்றாள் டெனிஸ். "ஸ்டாண்டு எங்க?"

"மூணு டன் தாங்கும்டி."

"ஜாக்கி தாங்கும். கட்டை யாருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துச்சு?"

"ஒண்ணும் ஆகாது டெனிஸ்" என்றான் நொயல். "முப்பது வருஷமா நாங்கல்லாம் இப்படித்தான் பண்றோம்."

"செத்தவன் எவனும் நாற்காலி போட்டு உக்காந்து அபிப்பிராயம் சொல்லமாட்டான் நொயல்!"

விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போனாள். கிளைவ் பெற்ற பிள்ளைகளைக்கூடத் தொடவிடாத தூண்டில் கம்பை, அதன் பளபளக்கும் சக்கரத்தோடு எடுத்துவந்தாள். வண்டியின் அடியில், அவன் தலை போகவேண்டிய அதே இடத்தில், காலால் தள்ளினாள்.

"அரை மணி நேரம் இது கிடக்கட்டும். அப்புறம் நீ போ."

கிளைவ் துள்ளி எழுந்தான். "அடியே, அத எடு! கட்டை நழுவுனா நசுங்கிரும்!"

பீர் பாட்டில்கள் பாதி வழியில் நின்றன. இருபத்தாறு வருஷமாக டெனிஸின் பக்கத்துத் தலையணையில் கிடக்கிற தலைக்கு வராத பதற்றம் ஒரு மீன் கம்புக்கு வந்துவிட்டது. அந்தத் தலை போனால் நாளை போலீசுக்கும் பிள்ளைகளுக்கும் பதில் சொல்லப்போவது அவள். நாற்காலிக்காரர்கள் பூச்செண்டு கொண்டுவருவார்கள்.

"எறக்கு" என்றாள்.

கிளைவ் முதலில் கம்பை இழுத்துப் பத்திரப்படுத்தினான். பிறகு வண்டியை இறக்கினான். நொயல் நாற்காலியை மடக்கினான்.

டெனிஸ் கை பிரேக்கைச் சரிபார்த்து, நாலு சக்கரத்துக்கும் செங்கல் முட்டுக்கொடுத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்து, ஸ்பானரும் தட்டுமாக அடியில் போனாள். மூக்குக்கு மேலே ஒரு முழம் இடம் இருந்தது. கால் மணி நேரத்தில் பழைய ஆயில் முழுக்கத் தட்டில் இறங்கியது.

அந்த வண்டிக்கு ஆயில் மாற்ற ஜாக்கியே வேண்டியதில்லை.