இருமல் எட்டாத உயரம்

விமானத்தில் இணைய வசதி உண்டு என்று அறிவிப்பு வந்ததும் வாப்பாவின் முகம் சுருங்கியது.

"என்னளா அம்மு சொல்லுதா அந்தப் பொண்ணு?"

"நெட் இருக்காம் வாப்பா. மெசேஜ் மட்டும் ஃப்ரீ. பேச முடியாது, வீடியோ வராது."

"மேகத்துக்கு மேலயும் விட மாட்டானுவ போல," என்று சொல்லிவிட்டு பெல்ட்டை இன்னொரு இழுப்பு இறுக்கிக்கொண்டார்.

இணையம் எட்டாத இடம் என்று நம்பித்தான் அவர் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். தாராவியில் எங்கள் பட்டறையில் தைக்கும் தோல் பைகளுக்கு ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் இடம் கிடைத்திருந்தது. வாப்பா பைகளைப் பற்றிச் சொல்வார், நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன் என்று ஏற்பாடு. திங்கட்கிழமை கிளம்பினாலே போதும். ஆனால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது அவர் ஞாயிறு மதியத்தின் மேல் விரலை வைத்துவிட்டு எடுக்கவில்லை. அன்று மாலைதான் மாட்டுங்காவில் பெண்கள் கேரம் இறுதிப் போட்டி. ஆடப்போவது என் தங்கை ஜோயா.

உம்மா ஏன் என்று கேட்கவில்லை. காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாப்பாவின் இருமல்.

பட்டறையில் யாராவது தோலின் மேல் கத்தியைக் கோணலாக வைத்தால் வாப்பா திட்டமாட்டார், இருமுவார். அந்தச் சத்தம் கேட்டதும் வெட்டுகிறவரின் கை தானாக நின்றுவிடும். இத்தனை வருடத்தில் எத்தனையோ தோல் அப்படித் தப்பித்திருக்கிறது. ஜோயா வளர்ந்தது அந்தப் பட்டறையில். அவள் கையும் அந்த இருமலுக்கு நிற்கப் பழகிய கைதான்.

போன தடவை இறுதிப் போட்டியில் அவள் ஒரு துணிச்சலான அடிக்கு விரலை மடக்கினாள். முதல் வரிசையிலிருந்து இருமல் வந்தது. கை தயங்கியது. காய் குழியின் வாயில் போய் நின்றுகொண்டது. அதற்கு முந்தைய இறுதியிலும் இதே கதைதான். ஆனால் போன தடவை அம்பயர் எழுந்து வந்து, வெளியிலிருந்து சைகை கொடுக்கக் கூடாது என்று இந்தியில் சொல்லி, வாப்பாவை ஹாலை விட்டே அனுப்பிவிட்டார். அவர் வேண்டுமென்று இருமவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாயில் மிட்டாய் போட்டுப் பார்த்தார், கைக்குட்டையைக் கடித்துப் பார்த்தார். பிடிக்காத அடியைக் கண்டால் தொண்டை தானாக முந்திக்கொள்கிறது.

"ஊர்ல இருந்தா காலு தன்னால அங்க போயிரும் நஸீரா," என்று உம்மாவிடம் சொன்னார். "நான் ஊர்லயே இருக்கக் கூடாது."

இந்தத் தடவையும் தோற்றால் ஸ்ட்ரைக்கரைத் தொடமாட்டேன் என்று ஜோயா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிற ஆள்.

எங்கள் வரிசையில் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தவர் விசாலாக்ஷி மாமி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்கப் போகிறார். வாப்பா சலித்துக்கொண்டதைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நன்னா சொன்னேள். என் பொண்ணு காலம்பற குட்மார்னிங் அனுப்புவா. நான் அஞ்சு நிமிஷம் பதில் போடலேன்னா பக்கத்து ஃப்ளாட்காரிக்கு ஃபோன் பண்ணி, அம்மா மூச்சு விடறாளான்னு பாருங்கோம்பா. ப்ளேன்லயாவது ஒருத்தருக்கும் அகப்படாம இருக்கலாம்னு பார்த்தேன். அதுக்கும் வேட்டு வெச்சுட்டான்."

"ஏதாவது அவசரம்னா தெரியணுமே மாமி," என்றேன்.

"அவசரம்னா நாம என்ன, பாதியில எறங்கியா போவப்போறோம்?" என்றார் வாப்பா.

"கரெக்ட்," என்றார் மாமி.

என் மடியில் ஒரு நாவல் இருந்தது. பனி விழும் ஏதோ ஒரு தேசத்தில் எழுதப்பட்டு, எங்கெங்கோ சுற்றித் தமிழுக்கு வந்த கதை. அதில் யாருக்கும் எந்தச் செய்தியும் உடனே போய்ச் சேர்வதில்லை. ஒரு கடிதம் வருவதற்குள் ஆறு உறைந்து, மறுபடியும் உருகி ஓடிவிடுகிறது. அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. புத்தகத்துக்குள் கைபேசியை வைத்து இணையத்தில் சேர்ந்துகொண்டேன்.

தம்பி சைஃப் ஹாலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் எனக்குப் பின் பிறந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. ஆங்கில எழுத்தில் தமிழும் இந்தியும் கலந்து எழுதுவான். வாப்பாவுக்கு அதைப் படிக்க வராது.

"எனக்கு ஒண்ணும் சொல்லாத," என்றார் வாப்பா, கண்ணை மூடியபடியே.

"சொல்லலை."

கொஞ்ச நேரம் போனது.

"ஆரம்பிச்சுட்டாளா?"

"நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க?"

"சொல்லாத. ஆரம்பிச்சுட்டாளான்னு மட்டும் சொல்லு."

"முதல் கேம் ஜெயிச்சுட்டா வாப்பா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கால் கட்டைவிரல்கள் செருப்புக்குள் அசைந்தன. மாமி என் பக்கம் சாய்ந்து, "யார் ஜெயிச்சா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இருமலையும் சேர்த்துத்தான்.

"ஈஸ்வரா," என்றார் மாமி. "அதுக்காகவா தேசம் விட்டுத் தேசம் போறார்?"

"பை விக்கவும்தான்," என்றார் வாப்பா.

இரண்டாவது கேம் கெட்ட செய்திகளாகவே வந்தது. ராணியைப் போட்டுவிட்டுக் கூடவே ஒரு காயைப் போட முடியாமல் போனது. ராணி திரும்ப நடுவுக்கு வந்தது. மாமி சின்ன வயதில் லீவு நாட்களில் அத்தை பிள்ளைகளோடு ஆடியிருக்கிறாராம். "கவர் போடணுமே, இல்லேன்னா ராணியைத் திருப்பி வெச்சுடுவாளே," என்று வாப்பாவுக்கே விளக்கினார். அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அந்த கேமை எதிரில் ஆடிய ஷாலினி எடுத்துக்கொண்டாள்.

இடைவேளையில் சைஃப் எழுதினான்: "ராத்தா, ஜோயா கேக்குறா. வாப்பா பாத்துட்டு இருக்காங்களா?"

வாசித்துக் காட்டியதும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இணையம் வேண்டாம் என்று அவர் சொன்னது இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பார்க்கிறேன் என்றால் அவள் கை மறுபடியும் தயங்கலாம். பார்க்கவில்லை என்றால், இப்போதுதான் ஒரு கேமைத் தோற்றவள் இன்னும் சோர்ந்துபோகலாம். கீழே வெயிலில் ஒரு பாலைவனம், பதனிடாத தோலை விரித்துப் போட்டதுபோலக் கிடந்தது.

"வாப்பா ஒறங்குதாங்கன்னு போடு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையை அடைத்த பிறகு ஜோயா வெட்டும் மேசையின் மேல் போர்டை வைத்துத் தனியாக ஆடிப் பார்ப்பாள். வாப்பா தோல்கட்டின் மேல் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போட்டு உறங்குவதுபோலக் கிடப்பார். துண்டின் நெசவு வழியாகப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர் உண்மையாக உறங்கினால் குறட்டையில் பவுடர் டப்பா அதிரும். உறங்குவதாகப் பாவனை செய்யும்போது மட்டும் அவர் இருமியதே இல்லை. அவள் மிக நன்றாக ஆடியதெல்லாம் அந்த நேரங்களில்தான்.

அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "குறட்டை சத்தமே கேக்கலையேன்னு கேக்குறா. சிரிக்குறா ராத்தா. மேசைக்குப் போயிட்டா."

"சிரிக்காளா?" என்றார் வாப்பா.

"சிரிக்கிறாளாம்."

"பஸ். போதும்," என்று கண்ணை மூடினார். அது இரண்டு செய்திகளுக்குத்தான் தாங்கியது.

மூன்றாவது கேமை மாமிதான் நடத்தினார் என்று சொல்லவேண்டும். சாப்பாடு வந்தபோது பணிப்பெண்ணிடம், "கொஞ்சம் இரும்மா, ராணி விழப்போறது," என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் நின்றாள். புள்ளிகள் ஏறி ஏறி, கடைசிச் சுற்றை எடுப்பவர் போட்டியை எடுப்பார் என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

சைஃப் எழுதினான்: "ஜோயாவுக்கு ஒரு வெள்ளை பாக்கி. அவ பக்கத்துக் கட்டையை ஒட்டி, கோட்டுக்குக் கீழ கெடக்கு. நேரா அடிக்க முடியாது. ஷாலினிக்கு ஒரு கறுப்பு. குழி வாயில தொங்குது. இப்ப ஜோயா சான்ஸ்."

அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. கைபேசியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னாச்சு?"

"நெட் போயிடுச்சு வாப்பா."

"எப்ப வரும்?"

பணிப்பெண்ணைக் கேட்டேன். சில இடங்களைக் கடக்கும்போது அப்படித்தான் ஆகும், தானாக வரும் என்றாள்.

"இதென்ன நியாயம்?" என்றார் வாப்பா. "குடுத்தா முழுசாக் குடுக்கணும். இல்லைன்னா குடுக்கவே கூடாது. பாதியில கையை உட்டா எப்படி?"

"இப்பதான் நெட்டே வேண்டாம்னேள்."

"அது அப்பம்."

மாமி தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். வெள்ளை மிட்டாய் ஒன்று, கிராம்பு ஒன்று. வாப்பாவின் முன்னால் இருந்த சாப்பாட்டுத் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். அவர் அந்த மடக்குப் பலகையை உள்ளங்கையால் துடைத்தார், பட்டறையில் தோல் விரிக்கும் முன் மேசையைத் துடைப்பதுபோல. மிட்டாயைத் தன் பக்கத்து விளிம்பில் வைத்தார். கிராம்பை எதிர் மூலையில் வைத்தார்.

"இதுல என்ன செய்யணும்னா, கறுப்பைத் தட்டிக் குழியை விட்டு வெலக்கிரணும். அடுத்த சான்ஸ்ல நம்மளதைப் பாத்துக்கிடலாம். நானா இருந்தா அதான் செய்வேன். யாரா இருந்தாலும் அதான் செய்வாங்க."

"ஜோயா?" என்று கேட்டார் மாமி.

வாப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். எதிர் விளிம்பில் மோதி, அங்கிருந்து திரும்பி, மிட்டாய் வரைக்கும்.

"அவ இதை அடிப்பா. எதிர்க் கட்டைல மோதித் திரும்பி வரணும். நூல் பிசகினாலும் போச்சு. அதுக்குப் பொறவு அந்தப் பொண்ணு கறுப்பைத் தள்ளிட்டு வீட்டுக்குப் போயிருவா." அவர் தொண்டை ஏறி இறங்கியது. "இதுக்குத்தான் நான் போன தடவை இருமினேன்."

மாமி கிராம்பை நேராக்கி வைத்தார். மறுபக்கத்து வரிசையில் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைபேசி அதிர்ந்தது. மூன்று செய்திகள் ஒன்றாக வந்தன. உரக்கப் படித்தேன்.

"அவ கறுப்பைத் தொடலை."

"எதிர்க் கட்டைல அடிச்சா."

"உள்ள போயிடுச்சு ராத்தா. ஜெயிச்சாச்சு. உம்மா அழுவுறாங்க. அம்பயர் கை குடுத்தாரு."

மாமி இரண்டு கையையும் தட்டினார். எதற்கென்று தெரியாமலே மறுபக்கத்துக்காரரும் தட்டினார். "நம்ப தாராவிப் பொண்ணு," என்று மாமி அவருக்கு இந்தியில் சொன்னார். மாட்டுங்காவிலிருந்து தாராவி எவ்வளவு பக்கம் என்பது மாமிக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வாப்பா மிட்டாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நான் அங்க இருந்தா இந்தக் காய் போயிருக்காதுளா," என்றார். அதில் வருத்தமே இல்லை. பட்டறையில் நல்ல பையைத் தூக்கிப் பிடித்து, இது என் கை வேலை இல்லை, இன்னாருடையது என்று வாங்க வந்தவரிடம் சொல்வாரே, அந்தக் குரல். "எனக்கு இந்த அடி வராது. யாரும் சொல்லிக் குடுத்ததும் இல்லை. இது அவ அடி."

அப்புறம்தான் இருமல் வந்தது. அத்தனை நேரம் எங்கே அடக்கி வைத்திருந்தாரோ, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர வந்தது. பணிப்பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். மாமி அவளைக் கையால் தடுத்தார்.

"நன்னா இருமுங்கோ," என்றார். "இங்க அம்பயர் கிடையாது."

இருமி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாப்பா என் கைபேசியைப் பார்த்தார்.

"நெட் இருக்கா அம்மு?"

"இருக்கு."

"வாப்பா முழிச்சுட்டாங்கன்னு போடு."