முன்னூற்று நாற்பது அட்டைகள்

தங்கையின் வங்கி அதிகாரித் தேர்வுக்கு இன்னும் பதினேழு நாள், நான்கு மணி நேரம். கணக்குச் சொன்னவன் அண்ணன். கால் ஒடிந்த நாளிலிருந்து அவனுக்கு நேரத்தை எண்ணுவதுதான் பொழுதுபோக்கு.

"ஆரம்பிக்கலாமா, அதிகாரியம்மா?"

மாவுக்கட்டுக் காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மடியிலிருந்த செருப்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே முன்னூற்று நாற்பது அட்டைகள். ஏணியிலிருந்து விழுந்த எலெக்ட்ரீஷியனுக்கு டாக்டர் எட்டு வாரம் ஓய்வு கொடுத்திருந்தார். பத்தாவதோடு படிப்பை விட்டவன், அந்த ஓய்வில் தங்கையின் வங்கி ஒழுங்குமுறைப் புத்தகத்தை வரி விடாமல் படித்து, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று முத்து முத்தாக எழுதியிருந்தான்.

புத்தகம் போன வருடத்தது. இந்த வருடம் விதிகளைத் திருத்திவிட்டார்கள். பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டுக்கும் ஒரே நீல நிற உறை. கடையில் உள்ளே புரட்டிப் பார்க்காமல் வாங்கி வந்தவள் தங்கைதான். பயிற்சி நிலையத்தின் மாதிரித் தேர்வில் அது தெரியவந்து பதினொரு நாளாகிறது. வேதியியல் படித்தவள். சோதனைக் குழாயில் தப்பு நடந்தால் கழுவிவிட்டு மறுபடி செய்வாள். இதை எங்கே போய்க் கழுவுவது? அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவனுக்காகப் பழைய பதில், மாலையில் தனக்காகப் புதிய பதில் என்று ஒப்பேற்றினாள்.

நேற்றைய மாதிரித் தேர்வில் ஒன்பது கேள்விகளுக்குக் கை தானாகப் பழையதை எழுதிவிட்டது. இது மூன்றாவது முயற்சி. நான்காவதற்கு வயது வரம்பு இடம் கொடுக்காது.

"புகாருக்கு எத்தனை நாள்ல பதில் சொல்லணும்?"

"முப்பது." பழைய பதில்.

"சபாஷ்."

"பேசாம இவனையே அனுப்பிடலாம் போல" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"அனுப்பினா வேணாம்னா சொல்வேன்? போனதும் அவங்க ஒயரிங்கைத்தான் முதல்ல பார்ப்பேன்" என்றான் அவன். அடுத்த அட்டையை எடுத்தான். "கார்டு தொலைஞ்சா எத்தனை நாளுக்குள்ள தகவல் கொடுக்கணும்?"

அவள் தன்னை நோக்கியிருந்த கேள்விப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபக்கத்தில் ஏழு என்ற எண்ணைச் சுற்றி அவன் போட்ட சிவப்பு வட்டம், மை அழுந்தி இந்தப் பக்கமும் தெரிந்தது.

"மூணு."

"தப்பு. ஏழு. நேத்து சரியாத்தானே சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

"மூணு."

"என்ன பிடிவாதம் இது? புத்தகத்துல இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன். ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

"நீ சரியாத்தான் எழுதியிருக்க."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். கையை மூடிமேலேயே வைத்திருந்தாள்.

"அது போன வருஷப் புத்தகம்ணா. நான்தான் பார்க்காம வாங்கிட்டு வந்துட்டேன்."